வாசம் தூக்கலாக இருந்தால் புதிய குங்குமப்பூவா?

கேள்வி: இராகலையில் மரக்கறி பயிரிடுகிறேன். வீட்டின் பின்னறையில் சிறு அளவில் குங்குமப்பூவும் வளர்க்கிறேன். இந்த வருடம் காய்ந்த இழையாக 6 கிராம் கிடைத்தது. நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையற்காரர் அதைக் கடையில் வாங்கிய பைக்கற்றோடு சேர்த்து முகர்ந்து பார்த்தார். "இதில் வாசமே இல்லை, பழைய சரக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டையும் ஆய்வுகூடத்தில் கொடுத்தேன். என்னுடையது: ஈரம் 13.5 வீதம், 440 நானோமீற்றரில் 205, 257 இல் 92, 330 இல் 22. கடைப் பைக்கற்: ஈரம் 8 வீதம், 440 இல் 142, 257 இல் 61, 330 இல் 46. எது புதியது?

பதில்: அன்பின் சகோதரருக்கு, எண்களைப் பார்த்தால் உங்களுடையதுதான் புதியதாகத் தெரிகிறது. ஆனால் உங்கள் அறிக்கையில் உடனே கவனிக்க வேண்டிய குறை ஒன்றும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த மூன்று எண்களும் ஐ.எஸ்.ஓ. 3632 என்ற சர்வதேசத் தர முறைப்படி எடுக்கப்பட்டவை. இழையைப் பொடித்து, 500 மில்லிகிராமை ஒரு லீற்றர் நீரில் வெளிச்சம் படாமல் ஒரு மணி நேரம் கலக்கி, பிறகு பத்து மடங்கு ஐதாக்கி, ஒவ்வொரு அலைநீள ஒளியையும் அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று நிறமாலை ஒளிமானியில் அளப்பார்கள். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 150 பூ வேண்டும் என்பதால், இந்த ஒரு சோதனைக்கே உங்கள் கையால் பறித்த 75 பூக்கள் போயிருக்கும். அந்த விலைக்கு அறிக்கையின் ஒவ்வொரு எண்ணையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

440 இல் தெரிவது நிறம் தரும் குரோசின். 257 இல் தெரிவது கசப்புச் சுவை தரும் பிக்ரோகுரோசின். 330 இல் தெரிவது வாசம் தரும் சஃப்ரனால். சமையற்காரர் தவறியது இந்த மூன்றாவதில்தான். பறித்த பூவில் சஃப்ரனால் இல்லை என்றே சொல்லலாம். பிக்ரோகுரோசின் உடைந்துதான் அது பிறக்கிறது. உலர்த்தும்போது தொடங்கும் இந்த உடைவு, போத்தலுக்குள்ளும் மெல்லத் தொடர்கிறது. ஆகவே இந்த வருடத்துப் பூவைவிடச் சில காலம் கிடந்த பூ மூக்கைத் தூக்கலாகத் தொடுவது இயல்பு. வாசத்தை மட்டும் வைத்து ஒரு விவசாயியின் உழைப்பைப் பழசு என்று தள்ளியது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

எண்கள் நகரும் திசையைப் பாருங்கள். இழையோடு மஞ்சள் நிற அடித்தண்டு கலந்திருந்தால் மூன்று எண்களும் சேர்ந்தே இறங்கும். வயதானால் 440 உம் 257 உம் இறங்க, 330 ஏறும். கடைப் பைக்கற்றின் எண்கள் காட்டுவது இரண்டாவது திசையை. நிறத்தில் முதல் தரத்துக்கு 200, இரண்டாம் தரத்துக்கு 170, மூன்றாம் தரத்துக்கு 120 வேண்டும். உங்களுடையது முதல் தரம், அது மூன்றாம் தரம். ஆனாலும் அது எந்த வருடத்து அறுவடை என்று இந்த எண்களிலிருந்து சொல்ல முடியாது. கடுஞ்சூட்டில் உலர்த்தியதும், வெளிச்சம் படும் கண்ணாடி அலுமாரியில் வைத்ததும் இதே தடத்தை விட்டுச் செல்லும். 330 இல் குரோசினின் ஒரு வகையும் கொஞ்சம் சேர்ந்து காட்டும். வாசப்பொருளைத் தனியே அளக்க வாயு நிறப்பகுப்பு என்ற வேறொரு ஆய்வுகூடச் சோதனை வேண்டும். அடுத்த முறை பெரிய கொள்வனவாளர் கேட்டால் மட்டும் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

440 இன் எண்ணை மட்டும் காட்டி விற்பவரையும் நம்பாதீர்கள். செயற்கை மஞ்சள் சாயம் கலந்தாலும் அந்த எண் உயரும்.

இனி உங்கள் குறை. இழைக்கு ஈரம் 12 வீதத்தைத் தாண்டக்கூடாது. உங்களுடையது 13.5. நிறம், சுவை, வாசத்துக்கான எண்களை ஈரத்தைக் கழித்துத்தான் கணக்கிடுவார்கள் என்பதால் இன்று அவை அழகாகத் தெரிகின்றன. இப்படியே மூடி வைத்தால் குரோசின் வேகமாகச் சிதையும், பூஞ்சணமும் பிடிக்கும். நிழலில் விரித்து உலர்த்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இராகலையின் பனிமூட்டத்தில் அது போதாது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, அரைத்து, நொதிக்க விட்டு, பிறகு சூடான காற்றில் அந்த நொதிப்பை நிறுத்துவதை நீங்கள் அறிவீர்கள். தேயிலைக்கு அந்த இடைவேளை வேண்டும். குங்குமப்பூவுக்கு அது நட்டம். இழை ஈரமாகக் கிடக்கும் ஒவ்வொரு மணியிலும் நொதியங்கள் நிறத்தைத் தின்கின்றன. அடுத்த அறுவடையில் பறித்த அன்றே இழையைப் பிரித்து, சிறிய மின் உலர்த்தியில் 55 பாகை செல்சியஸ் அளவில், ஒரு படையாகப் பரப்பி உலர்த்துங்கள். ஐந்து கிராம் பச்சை இழை ஒரு கிராம் அளவுக்கு வர வேண்டும். தராசில் பார்த்தே நிறுத்துங்கள்.

இப்போது கையில் மிஞ்சியிருப்பதை 45 பாகையில் சிறிது நேரம் வைத்து, எடை நூற்றுக்கு நான்கு பங்கு குறைந்ததும் எடுத்துவிடுங்கள். ஆறிய பின் இறுக மூடும் கருநிறப் போத்தலில் போட்டு, பறித்த திகதியை எழுதி ஒட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடிக்கடி திறக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் நீர் வியர்த்து, உலர்த்திய பாடு வீணாகிவிடும்.

இன்னொன்று. நம் நாட்டில் ஆங்கிலத்தில் மஞ்சளையே ‘சஃப்ரன்’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆய்வுகூடப் படிவத்தில் குரோக்கஸ் சட்டைவஸ் என்ற தாவரப் பெயரையும் எழுதுங்கள். எத்தனை கிராம் கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள்.

சமையற்காரரிடம் அறிக்கையை நீட்டுவதற்கு முன், இரண்டு கோப்பை வெதுவெதுப்பான பாலில் இரண்டிலிருந்தும் பத்துப் பத்து இழை போட்டு அரை மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கோப்பை ஆழ்ந்த பொன்னிறமாகிறது என்பதை அவரே பார்க்கட்டும்.