கிணற்றுக்குள் கடல் வந்தால் திரும்பத் திரும்ப இறைக்காதீர்கள்

கேள்வி: யாழ்ப்பாணத் தீவகத்தில் எங்கள் ஊர்க் கிணறுகள் வரவர உவர்க்கின்றன. கடல்மட்டம் ஏறுவதால் இன்னும் மோசமாகுமாம். சனசமூக நிலையத்தின் கையில் சிறு தொகை இருக்கிறது. கிணறுகளை ஆழப்படுத்தலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தீவின் நன்னீர் சுண்ணக்கல்லுக்குள் கடல்நீரின் மேல் மிதந்து நிற்பது; ஆழமாகத் தோண்டினால் உவரைத்தான் நெருங்குவீர்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி இருக்கும் என்பது ஏட்டுக்கணக்கு. வெடிப்புள்ள கல்லில் அவ்வளவு கிடைக்காது. இறைக்கும்போதும் இதே கணக்குத்தான்: நீர்மட்டம் ஓரங்குலம் இறங்கினால் அடியிலுள்ள உவர் 40 அங்குலம் வரை ஏறப் பார்க்கும். பெரிய பம்ப் போட்ட கிணறுகள் கெடுவது இதனால்தான். சிறு பம்பால் காலையும் மாலையும் கொஞ்சங் கொஞ்சமாக எடுங்கள். ஃபுட்வால்வை (உறிஞ்சுகுழாயின் அடிநுனி வால்வை) மிதவையில் கட்டி, நீரின் மேல்மட்டத்துக்கு ஓரடி கீழே நிறுத்துங்கள்.

பணத்தை மழைநீர்த் தாங்கிக்குச் செலவிடுங்கள். நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 7 லீட்டர், கோடையில் 180 நாள் என்றால் சுமார் 5,000 லீட்டர். 50 சதுரமீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழைக்கு, சேதாரம் போக 400 லீட்டர் சேரும். 125 மில்லிமீட்டரில் தாங்கி நிரம்பிவிடும். கூரையைக் கழுவிவரும் முதல் 25 லீட்டர் உள்ளே போகக்கூடாது. பீலியிலிருந்து தாங்கிக்குப் போகும் வழியில் 3 மீட்டர் நீள 4 அங்குலக் குழாயை நிமிர்த்தி வைத்தால் அந்த முதல் நீர் அதில் தங்கும். குழாயின் அடிமூடியில் சிறு துளை விடுங்கள். இல்லையேல் அடுத்த மழைக்குக் குழாய் காலியாக இராது. நிரம்பிய தாங்கி 5 தொன், மேடையைப் பலமாகக் கட்டுங்கள். வெற்றுப் பிளாஸ்டிக் தாங்கியைப் புயல் உருட்டிவிடும், வெள்ளம் மிதக்கவிடும், கட்டிவையுங்கள்.

கடல்நீர் கிணற்றுக்குள் புகுந்துவிட்டால், குப்பையை அகற்றி, கிணற்றுக்குள் நிற்கும் அளவை மட்டும் ஒருமுறை மெதுவாக எடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கிலங்கையில் திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகள் சில மேலும் உவர்த்தன. பின்னர் 1,000 லீட்டருக்கு 70 கிராம் பிளீச்சிங் பவுடரை (30 வீதக் குளோரின்) வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். குறைந்தது 12 மணிநேரம், மணம் போகும்வரை பாவிக்க வேண்டாம். குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. காய்ச்சினால் உப்பு இன்னும் செறியும். மாரிமழைதான் அதைக் கழுவ வேண்டும். அதுவரை குடிக்கத் தாங்கி நீர் மட்டும்.