மாறுவேடப் போட்டிக்குக் குள்ளநரி: முகமூடி கிழியாமல் இருக்க

டோரா கார்ட்டூனில் பொருட்களைத் திருட வரும் குள்ளநரியாக உங்கள் ஐந்து வயதுப் பையன் வேடம் போடப் போகிறான், ஆனால் அட்டை முகமூடியில் ரப்பர் கோர்த்த ஓட்டை கிழிகிறது, கண்ணும் மறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். இழுவை முழுக்க அந்த ஒரு ஓட்டையில் விழுவதால்தான் கிழிகிறது. அட்டையை விட்டுவிட்டு நீல ஃபெல்ட் துணிக்கு மாறுங்கள். 18 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு வெட்டி ஒன்றன் மேல் ஒன்று வைத்து, இரு ஓரங்களிலும் அவற்றின் நடுவே எலாஸ்டிக் முனையை 2 செ.மீ. உள்ளே விட்டுத் தைத்துவிடுங்கள்.

எலாஸ்டிக் நீளத்துக்கு முதலில் தலைச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். 51 செ.மீ. என்றால் முகமூடியின் 18 போக 33. இறுக்கிப் பிடிக்க அதில் 4 குறைத்து 29, தையலுக்கு 4 சேர்த்து 33 செ.மீ. வெட்டலாம். கண் துளை 4 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம் இருக்கட்டும். சின்னதாக வெட்டினால் மேடைப் படியில் தடுக்கி விழுவான்.

டோராவில் குள்ளநரிக்கு முகமூடி மட்டுமல்ல, கையுறையும் நீலம். பலரும் இதைத்தான் மறக்கிறார்கள். வாலைக் கால்சட்டையில் குத்தாதீர்கள், கனத்தில் கீழே இறங்கிவிடும். உள்ளே பெல்ட் கட்டி அதில் தையுங்கள்.

நடிப்புதான் முக்கியம். பூனை போல் பதுங்கி வந்து, திருடுவதற்காக மேடையில் வைத்த கூடைக்குக் கை நீட்டியதும் நிற்கச் சொல்லுங்கள். கார்ட்டூனில் டோரா சொல்லித் தடுப்பது போலவே, "குள்ளநரி திருடக் கூடாது" என்று சுட்டி டிவி பார்த்த எல்லோரும் தாங்களாகவே மூன்று முறை கத்துவார்கள். மூன்றாவது முறை முடிந்த பிறகுதான் விரல் சொடுக்கி ஏமாற்றம் காட்ட வேண்டும். ஐந்து வயது விரலில் சொடுக்குச் சத்தம் வராது. அதனால் முழங்கையோடு சேர்த்துக் கையை மார்புக்குக் குறுக்கே பெரிதாக வீசப் பழக்குங்கள், கடைசி வரிசைக்கும் தெரியும்.