தாலி, சந்தனம், ஷாக்: ஏஇடி பற்றி நீங்கள் கேட்டவை

பினாங்கில் அவசரப் பிரிவுத் தாதியாக வேலை பார்க்கிறேன். லீவு நாளில் கோவில் மண்டபங்களில் சிபிஆர் (நெஞ்சை அமுக்கிச் செய்யும் உயிர்காக்கும் முதலுதவி) சொல்லித் தருகிறேன். தாறுமாறாகத் துடித்து ரத்தத்தைச் செலுத்த முடியாமல் போன இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவி பற்றி வந்த கேள்விகள் இவை.

அக்கா, தவறாக ஷாக் கொடுத்து ஆளைக் கொன்றுவிட்டால்? (ஜெலுத்தோங்)

அப்படி நடக்க அந்தக் கருவி விடாது தம்பி. அதோடு வரும் பேடை (ஒட்டுத் தகடுகளை) நெஞ்சில் ஒட்டியதும் அதுவே துடிப்பைப் பார்க்கும். இதயம் தாறுமாறாகத் துடித்தால்தான் ஷாக் போடச் சொல்லும். இல்லையென்றால் பட்டனை அமுக்கினாலும் ஷாக் வராது. ஷாக் போகும் நேரம் யாரும் அவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

மாமா விழுந்தபோது மூச்சு இருந்த மாதிரி தெரிந்ததால் காத்திருந்தோம். தப்பா? (ஆயர் ஈத்தாம்)

உங்களைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை ஐயா. பலரும் ஏமாறுவது இங்கேதான். வாயைப் பிளந்து, குறட்டை போல விட்டுவிட்டு இழுப்பது மூச்சே அல்ல. இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் அது வரும். தோளைத் தட்டியும் எழவில்லை, மூச்சும் சரியில்லை என்றால் 999-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் அமுக்கத் தொடங்குங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஏஇடி எடுக்க இன்னொருவர் ஓடட்டும். இரண்டும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறையும்.

விழுந்தவர் பெண்ணாக இருந்தால்? (பட்டர்வொர்த்)

வகுப்பில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அம்மா. பேட் வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும், அதனால் ஒட்டும் இடத்தை மறைக்கும் ரவிக்கையையும் உள்ளாடையையும் ஒதுக்கவோ வெட்டவோ வேண்டும். ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். தாலியைக் கழற்ற வேண்டாம்; பேடில் படாமல் ஒதுக்கிவிடுங்கள். சுற்றி நிற்கும் பெண்கள் துப்பட்டாவைப் பிடித்து மறைப்புக் கட்டலாம். என் மகள் விழுந்தால், முன்பின் தெரியாத ஆண்பிள்ளையாக இருந்தாலும் தயங்காமல் இதைச் செய்ய வேண்டும் என்றுதான் நான் விரும்புவேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறுபவர் உடம்பெல்லாம் வியர்வையும் சந்தனமும் இருக்குமே?

ஒரு துண்டால் நெஞ்சை அழுத்தித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஈரத்தில் பேட் பிடிக்காது. தண்ணீர் தேங்கிய இடத்தில் கிடந்தால் முதலில் நகர்த்துங்கள்.

சின்னப் பிள்ளைக்கு?

8 வயதுக்குக் கீழே என்றால் சிறுவர் பேட். அது இல்லையா? பெரியவர் பேடையே நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று ஒட்டுங்கள்.

ஒரு ஷாக் கொடுத்தும் எழவில்லை என்றால்?

ஷாக் போன மறுகணமே மறுபடி அமுக்குங்கள். நாடி தேடி நேரத்தை விடாதீர்கள். 2 நிமிடத்துக்கு ஒரு முறை கருவியே துடிப்பைப் பார்த்து அடுத்து என்ன என்று சொல்லும். கை சோர்ந்தால் ஆள் மாறுங்கள். அவர் கண் விழித்தாலும் பேடைப் பிய்க்கவோ கருவியை அணைக்கவோ வேண்டாம். இதயம் மறுபடி நின்றுவிடலாம். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள்.