திசு வளர்ப்பில் நறுமண எண்ணெய்: செங்கோட்டை, கம்பம், உடுமலைக் கேள்விகள்

கேள்வி (கம்பம்): சார், எலுமிச்சைப்புல் காலஸைத் திசு வளர்ப்பில், அதாவது செடித் துண்டைப் பாட்டிலில் வளர்த்துப் பெருக்கி அதிலிருந்தே எண்ணெய் வடிக்கலாமா?

பதில்: வடித்தால் கையில் ஒன்றும் நிற்காது. புல்லில் எண்ணெய் சேர்வது இலைக்குள் இருக்கும் தனி எண்ணெய்ச் செல்களில். காலஸ் உருப்பெறாத செல் திரள். அந்தக் கிடங்கு அதில் இல்லை. எண்ணெய்தான் தேவை என்றால் கேரளத்தில் ஓடக்காலியில் உள்ள நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் சுகந்தி போன்ற ரகத்தை வாங்கித் தூர் பிரித்து நடுங்கள். இந்தப் புல்லுக்குத் திசு வளர்ப்பு வீண் செலவு. பச்சோலி என்ற நறுமண எண்ணெய்ச் செடிக்குச் செய்யலாம், நோயில்லாத நாற்று நிறையக் கிடைக்கும்.

கேள்வி (செங்கோட்டை): பச்சோலிக் கணு வைத்தால் பாட்டில் எல்லாம் பூஞ்சை. என்ன செய்வது?

பதில்: சாரலில் நனைந்த செடியிலிருந்து வெட்டாதீர்கள். தாய்ச்செடியை இரண்டு மூன்று வாரம் கூரைக்குள் வையுங்கள். இலை நனையாமல் வேரில் மட்டும் தண்ணீர் விடுங்கள். ஒரு செ.மீ. கணுத்துண்டை ஓடும் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து, 70% எத்தனாலில் 30 விநாடி, 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இரண்டு சொட்டு ட்வீன்-20 (கரைசல் நன்றாக ஒட்டச் செய்யும் சோப்பு போன்ற திரவம்) சேர்த்து 10 நிமிடம், பிறகு கிருமி நீக்கிய தண்ணீரில் நான்கு முறை அலசுங்கள். வெளுத்த வெட்டுமுனையைச் சீவிவிட்டு வையுங்கள்.

பூஞ்சை எங்கே கிளம்புகிறது என்று பாருங்கள். துண்டைச் சுற்றி மட்டும் என்றால் துண்டுதான் காரணம். ஊடகத்தின் (துண்டு வளரும் சத்துக் கலவை) மேல் அங்கங்கே என்றால் ஆட்டோகிளேவோ (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) லேமினாரோ (வடிகட்டிய காற்று வீசும் வேலை மேடை) சரியில்லை. ஆட்டோகிளேவ் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிடம் முழுதாக ஓட வேண்டும். துண்டின் அடியில் பால் கலங்கினாற்போல் படர்ந்தால் அது திசுவுக்குள்ளேயே இருக்கும் பாக்டீரியா. வெளிக்கழுவலில் போகாது, வேறு தாய்ச்செடி தேடுங்கள்.

ஊடகம்: எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக் சத்துக் கலவை), லிட்டருக்குச் சர்க்கரை 30 கிராம், அகார் 8 கிராம், பி.ஏ.பி. (தளிர் விடச் செய்யும் வளர்ச்சி ஹார்மோன்) 0.5 மி.கி., பி.எச். 5.8. பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால் அகார் உறையாமல் கூழாகவே நிற்கும்.

கேள்வி (உடுமலை): மறையூர்ச் சந்தனக் காலஸிலிருந்து எண்ணெய் கிடைக்குமா?

பதில்: சந்தன எண்ணெய் வயிரக்கட்டையில் பல வருடம் கழித்துச் சேர்வது. சாதா காலஸில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி (பாலக்காடு): செல் சஸ்பென்ஷனில் (திரவ ஊடகத்தில் செல்களை மிதக்கவிட்டு வளர்ப்பது) எண்ணெயைக் கூட்ட வழி உண்டா?

பதில்: ஆராய்ச்சி அளவில் உண்டு. 250 மி.லி. குடுவையில் 50 மி.லி. திரவ ஊடகம், 2 கிராம் உதிரிக் காலஸ், 25 டிகிரி, நிமிடத்துக்கு 110 சுற்று குலுக்கல். வளர்ச்சி ஓயும் நேரத்தில் 100 மைக்ரோமோலார் மெத்தில் ஜாஸ்மோனேட் (செல்லைத் தூண்டும் செடிச் சைகைப் பொருள்) சேருங்கள். அதை எத்தனாலில் கரைப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க எத்தனால் மட்டும் விட்ட குடுவை ஒன்றும் கட்டாயம் வேண்டும். நறுமண எண்ணெயின் முக்கியப் பொருளான டெர்பீன் பஞ்சடைப்பு வழியே ஆவியாகும், செல்லுக்கும் நஞ்சு. எனவே கிருமி நீக்கிய மிக்லியால் (ஆவியாகாத எண்ணெய்) 3 மி.லி. மேலே மிதக்கவிட்டால் அது பிடித்து வைக்கும். கிடைத்ததை ஜி.சி.யில் (வாயு நிறப்பிரிகைக் கருவி) பாருங்கள், மூக்கை நம்பாதீர்கள்.