பேரலை விடுங்க, சக்கரத்தைப் பாருங்க: பழைய போட்டோல விமான எதிர்ப்பு பீரங்கிங்க, கேள்வி-பதில்

ரெண்டு உலகப் போருக்கும் நடுவுல வந்த ஏஏ கன்னுங்க (விமானத்தைச் சுடற பீரங்கிங்க) பத்தி வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல "இது எந்த மாடல் சார்?"தான், அதனால எல்லாத்தையும் சேர்த்து ஒரே இடத்துல சொல்லிடறேன்.

கேள்வி: என்கிட்ட இருக்கற போட்டோக்குக் கீழ "ஃப்ளாக் 36, ஸ்பெயின்"னு எழுதியிருக்கு. நம்பலாமா சார்? 18, 36, 37 மூணும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது.

ஃப்ளாக்னா ஜெர்மன்காரங்க விமான எதிர்ப்பு பீரங்கிக்கு வெச்ச பேரு, பின்னால வர்ற நம்பர் மாடல். முதல்ல கீழ எழுதியிருக்கறதை விரலால மறைச்சுக்குங்க. படம் எடுத்தவன் எழுதினதா, பின்னால வித்தவன் எழுதினதான்னு யாருக்கும் தெரியாது.

உங்க கண்ணு மேல தப்பு இல்ல, மூணும் ஒரே 88 மி.மீ. குடும்பம்தான், தூரத்துல இருந்து பாத்தா யாருக்கும் ஒண்ணாத்தான் தெரியும். எல்லாரும் நேரா பேரலுக்குப் போறாங்க, ஏன்னா புத்தகத்துல எல்லாம் ஃப்ளாக் 18க்கு ஒரே துண்டு பேரல், 36க்கு பல துண்டு சேர்த்த பேரல், அதுல துண்டு சேர்ற இடத்துல படி மாதிரி தெரியும்னு போட்டிருக்கும். அது உண்மைதான். குண்டைத் தள்ளற மருந்து வெடிக்கற அறைக்குப் பக்கத்துலதான் தேய்மானம் ஜாஸ்தி, அந்தத் துண்டை மட்டும் மாத்தினாப் போதும்ங்கறதுக்காகத்தான் அப்படிப் பண்ணாங்க. ஆனா அந்த பேரலை பழைய வண்டில மாட்டலாம், பழசைப் புதுசுல மாட்டலாம், போர்க்களத்துல மாட்டவும் செஞ்சாங்க. அதனால பேரலை மட்டும் வெச்சு தீர்ப்பு சொல்லாதீங்க.

சக்கரத்தைப் பாருங்க. ஃப்ளாக் 18ஐ இழுத்துட்டுப் போற வண்டில முன்னாடி அச்சுல பக்கத்துக்கு ஒத்தை டயர், பின்னாடி அச்சுல பக்கத்துக்கு ரெட்டை டயர். 36 வந்தப்ப முன்னாடியும் பின்னாடியும் ஒரே மாதிரி ரெட்டை டயர் ஆக்கிட்டாங்க. போட்டோல ரெண்டு அச்சும் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

37 தனிக் கதை. வெளில பாத்தா 36தான். வித்தியாசம் எங்கன்னா, இலக்கு எங்க இருக்குன்னு கணக்கு போடற கருவில இருந்து கேபிள் வழியா பீரங்கிக்குத் தகவல் வரும் இல்லையா, அதைக் காட்டற பெட்டில. 18லயும் 36லயும் வட்டமா சின்னச் சின்ன பல்பு எரியும், 37ல கடிகாரம் மாதிரி முள்ளு. அந்தப் பெட்டி போட்டோல தெளிவா விழலைன்னா 36ஆ 37ஆன்னு சண்டை போடறதுல அர்த்தமே இல்ல, "36/37"னு எழுதிட்டு அடுத்த போட்டோக்குப் போங்க. முன்னாடி இரும்புக் கேடயம் இருக்கா இல்லையான்னு வெச்சும் மாடல் சொல்ல முடியாது, அது அப்புறமா மாட்டினது.

உங்க ஸ்பெயின் படத்துக்கு வந்தா, ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு ஜெர்மனி அனுப்பின காண்டோர் படை 1936ல அங்க கொண்டு போனது ஃப்ளாக் 18. படத்துல முன் அச்சு ஒத்தை டயரா இருந்தா கீழ எழுதியிருக்கறதை அடிச்சுடுங்க. இன்னொண்ணு, 18ங்கற நம்பரைப் பாத்து 1918ல செஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. முதல் உலகப் போருக்கு அப்புறம் ஜெர்மனியோட ஆயுதத்தைக் கட்டுப்படுத்தின வெர்சாய் ஒப்பந்தத்தை மீறலைன்னு காட்டறதுக்காக வெச்ச பேரு அது. ஜெர்மன் ஆயுதக் கம்பெனி க்ரப்போட ஆளுங்க சுவீடன்ல போஃபர்ஸ் கம்பெனில உக்காந்து வேலை பாத்துட்டு வந்து செஞ்சது, படைக்கு வந்தது 1933 வாக்குல.

கேள்வி: பசிபிக் தீவுல எடுத்த ஜப்பான் பீரங்கி போட்டோ. "டைப் 88"னு போட்டிருக்கு. அப்ப ஜெர்மன் 88ஐ ஜப்பான்காரன் காப்பி அடிச்சதா?

இல்லங்க. இந்தக் குழப்பம் போர் நடக்கும்போதே அமெரிக்கக்காரங்களுக்கே இருந்துச்சு. இங்க 88ங்கறது குழல் அளவு இல்ல, வருஷம். ஜப்பான் அரச வருஷக் கணக்குல 2588, நம்ம கணக்குல 1928. குழல் 75 மி.மீ.தான். அடையாளம் ரொம்ப சுலபம், காலை எண்ணுங்க. நிறுத்தி வெச்ச நிலைல நடுத்தூண்ல இருந்து நட்சத்திரம் மாதிரி அஞ்சு கால் விரியும். ஜெர்மன் 88க்கு சிலுவை மாதிரி நாலு. மண்ணு மூட்டைல கால் மறைஞ்சிருந்தா கஷ்டம்தான், ஆனா ஒரு கால் தெரிஞ்சாலும் அடுத்த காலுக்கு நடுவுல இருக்கற கோணத்தை வெச்சு பிடிச்சுடலாம்.

குழப்பம் பத்தாதுன்னு நிஜமாவே 88 மி.மீ. ஜப்பான் பீரங்கி ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேரு டைப் 99! அது சீனாவுல பிடிபட்ட ஜெர்மன் கப்பற்படை 88ஐப் பாத்து செஞ்சது, நீங்க சினிமால பாக்கற ஃப்ளாக் வகை இல்ல.

கேள்வி: பிரிட்டிஷ் போட்டோல "3 இன்ச் 20 ஹண்ட்ரட்வெயிட்"னு இருக்கு. குண்டோட எடையா அண்ணா?

அவ்ளோ பெரிய குண்டை யாரு தூக்கறது! ஹண்ட்ரட்வெயிட்ங்கறது பழைய பிரிட்டிஷ் எடை அளவு, ஒண்ணு சுமார் 51 கிலோ. அது பேரலும் பின்கதவும் சேர்ந்த எடை, கிட்டத்தட்ட 1016 கிலோ. ஏன் பேர்லயே எடையைச் சொல்றாங்கன்னா, அதே 3 இன்ச்ல பிரிட்டன்கிட்ட வேற பீரங்கிங்களும் இருந்துச்சு, எடையைச் சொன்னாத்தான் எதுன்னு தெரியும்.

லாரி மேல ஏத்தின படத்துலதான் ஜனங்க அதிகமா ஏமாறுறாங்க. 13 பவுண்டர் 9 ஹண்ட்ரட்வெயிட்னு ஒண்ணு (பவுண்டர்ங்கறதுதான் குண்டோட எடையை வெச்சு வர்ற பேரு), 18 பவுண்டர் பேரலுக்குள்ள இன்னொரு குழாயைச் செருகி 3 இன்ச்சா சின்னதாக்கினது, அதுவும் லாரில வரும். ரெண்டுக்கும் பேரலுக்கு மேல சிலிண்டர் இருக்கும், அதை வெச்சுப் பிரிக்க முடியாது. நீளத்தைப் பாருங்க. 20 ஹண்ட்ரட்வெயிட்டோட பேரல் சுமார் 3.4 மீட்டர், மத்தது அதைவிட ஒரு மீட்டர் கிட்ட குட்டை. பக்கத்துல நிக்கற சோல்ஜர் அளவுகோல், ஆனா அவன் பீரங்கிக்கு ஒட்டி நிக்கணும், கேமரா பக்கம் தள்ளி நின்னான்னா கணக்கு கெட்டுது. 3.7 இன்ச்சோட குழப்பிக்காதீங்க, அது 1938ல இருந்துதான் படைக்கு வருது, ஆளும் ரொம்பப் பெருசு.

கேள்வி: சோவியத் பீரங்கி போட்டோ, 76 மி.மீ.யா 85 மி.மீ.யா?

முனையைப் பாருங்க. 85ல ஓட்டை ஓட்டையா மசில் பிரேக் (சுடும்போது பின்னால உதைக்கறதைக் குறைக்கற முனைத் துண்டு) இருக்கும், 76ல இருக்காது. 76லயே 1931 மாடலுக்கு ரெண்டு சக்கரம், 1938 மாடலுக்கு நாலு. 85 நின்னது அந்த நாலு சக்கர வண்டிலதான், அதனால முனை ஃபிரேமுக்கு வெளில போயிருந்தா சொல்லறது சிரமம்.

கேள்வி: ஜெர்மன் 3.7 செ.மீ. ஃப்ளாக்குக்கும் உங்க சக்கர ஃபார்முலா வேலை செய்யுமா?

88ஐ விட நல்லாவே செய்யும். ஃப்ளாக் 18 நாலு சக்கரத்துல போற பெரிய சிலுவை வண்டி, 36 ரெண்டு சக்கரத்துல போற முக்கோண அடித்தளம். 37ல மாறினது குறிபாக்கற கருவி மட்டும்தான்.

கேள்வி: ஊதுகுழல் மாதிரி ராட்சசக் கொம்பு பீரங்கி பக்கத்துல இருக்கு, அதுவும் ஆயுதமா?

காது அது. ராடார் வர்றதுக்கு முன்னாடி விமானச் சத்தத்தை வெச்சு திசை பிடிக்கற கருவி. சத்தம் நொடிக்கு 340 மீட்டர்தான் போகும், 10 கி.மீ. தூரத்துல இருந்து வர்றதுக்கே அரை நிமிஷம் ஆயிடும், அதுக்குள்ள மணிக்கு 300 கி.மீ.ல பறக்கற விமானம் ரெண்டு கி.மீ.க்கு மேல நகர்ந்திருக்கும். அதனாலதான் நிலைக்கலை. கொம்பு இருக்குன்னு மட்டும் வெச்சு 1930களோட படம்னு முடிவு கட்டாதீங்க, போர் ஆரம்பிச்ச அப்புறமும் கொஞ்ச காலம் ஓடுச்சு.

கேள்வி: படம் மங்கலா இருந்துச்சு, ஏஐ ஆப்ல போட்டு கிளியர் பண்ணி அனுப்பிருக்கேன். பாத்து சொல்லுங்க.

தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. அந்த ஆப் இல்லாத ரிவெட்டை வரையும், ரெட்டை டயரை ஒத்தை டயராக்கும், பல்பு வட்டத்தை ஏதோ ஒரு மூடி ஆக்கிடும், நமக்கு வேண்டிய ஒரே ஆதாரம் அதோட போச்சு. மங்கலா இருந்தாலும் ஒரிஜினலே அனுப்புங்க. சின்ன பிரிண்ட்னா 1200 டிபிஐல ஸ்கேன் பண்ணுங்க, ஓரத்தை வெட்டாதீங்க.

உங்க படம் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் போட்டதுன்னு சந்தேகப்படறேன். ஜெர்மன் 88ல பீரங்கியைத் திருப்பறவனும் பேரலை ஏத்தி இறக்கறவனும் வலது பக்கம், ஃபியூஸ் (குண்டு எப்ப வெடிக்கணும்னு நேரம் வெக்கற பாகம்) செட் பண்ற கருவி இடது பக்கம். உங்க படத்துல எல்லாம் இடம் வலமா மாறி இருக்கு. சட்டைப் பொத்தான், லாரி நம்பர் பிளேட் எதாவது தெரியுதான்னு பாருங்க, பின்பக்கத்துல ஸ்டுடியோ முத்திரை இருந்தா அதையும் ஸ்கேன் பண்ணி சேர்த்து அனுப்புங்க.