ஓசி வேற, கட்டற்றது வேற: கேள்வி பதில்

காட்பாடில டிடிபி கடை வெச்சிருக்கேன், கடைல மூணு சிஸ்டமும் விண்டோஸுக்கு பதிலா போடற லினக்ஸ் தான். கட்டற்ற மென்பொருள் பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுக்கு கரண்ட் இருக்கும்போதே பதில் போட்டுடறேன்.

குடியாத்தம் தம்பி: அண்ணா, ஓசில கெடைக்கிறதெல்லாம் கட்டற்றது தானே?

இல்லபா. வாட்ஸப் ஓசி தான், ஆனா உள்ள இன்னா எழுதியிருக்குன்னு நீ பாக்க முடியுமா? கட்டற்றதுன்னா எதுக்கு வேணா ஓட்டலாம், உள்ள பாத்து மாத்தலாம், காப்பி எடுத்து அடுத்தவனுக்கு குடுக்கலாம், மாத்துனதையும் குடுக்கலாம். காசுக்கு வித்தாலும் தப்பில்ல. இங்கிலீஷ்காரன் ரெண்டுக்கும் ஃப்ரீன்னு ஒரே வார்த்தைய வெச்சிகினு அவஸ்தைப்படறான், நமக்கு அந்த வம்பே இல்ல.

ஆற்காடு டீச்சர்: யாரு ஆரம்பிச்சது இத?

ஒரு பிரிண்டர்ல ஆரம்பிச்சதுக்கா. எம்ஐடி லேப்ல ரிச்சர்ட் ஸ்டால்மன்னு ஒருத்தர், பழைய பிரிண்டர்ல பேப்பர் சிக்குனா மெசேஜ் வர்ற மாதிரி புரோகிராம மாத்தி வெச்சிருந்தாரு, அப்புறம் ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் வந்தது, அதுக்கு சோர்ஸ் கோட், அதாவது மாத்தறதுக்கு வேண்டிய மூல புரோகிராம், இல்ல, கேட்டும் கெடைக்கல. 1983ல, முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் கட்டற்றதா எழுதற குனு திட்டத்த அறிவிச்சாரு. 1991ல லினஸ் டோர்வால்ட்ஸோட லினக்ஸ் கெர்னல், அதாவது மெஷின ஓட்டற உள் பாகம், வந்து சேந்துச்சு. தெனம் சிக்குன பேப்பர புடுங்கற எனக்கு அந்தாளு கோவம் நல்லாவே புரியும்.

காலேஜ் பையன்: இப்ப யாருணா லினக்ஸ் யூஸ் பண்றாங்க?

உன் கைல ஆண்ட்ராய்டு போன் தானே? அதுக்குள்ள லினக்ஸ் கெர்னல் தான். அடுத்து.

வாலாஜா பிரஸ்காரர்: கடைக்கு இதால இன்னா லாபம்?

போன மாசம் பேர்ணாம்பட்டுலேர்ந்து ஒருத்தர் வந்தாரு, பெரிய பொண்ணுக்கு 2006ல அடிச்ச கல்யாணப் பத்திரிகைய சிடில வெச்சிருந்தாரு, சின்ன பொண்ணுக்கும் அதே டிசைன் தான் வேணுமாம். தெறந்தா பிள்ளையார் சுழி இருக்க வேண்டிய எடத்துல ஒரு கேள்விக்குறி, தாய்மாமன் பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் பிராக்கெட்டுமா கெடக்குது. அந்த ஃபாண்ட் இப்ப எங்கயும் இல்ல, சாஃப்ட்வேர் புது சிஸ்டத்துல ஏறல, உள்ள இன்னா ஃபார்மட்னு வெளிய யாருக்கும் தெரியாது. பழைய பத்திரிகை ஒண்ணு பீரோல இருந்ததால பொழச்சோம், உக்காந்து முழுசும் திரும்ப அடிச்சேன், ரெண்டு மாமனுக்கு முன்னாடி இப்ப "காலஞ்சென்ற" சேக்க வேண்டியதாச்சு. இப்பல்லாம் எந்த சிஸ்டத்துலயும் தமிழ் தமிழாவே தெரியற யூனிகோட்ல அடிச்சு, ஸ்க்ரைபஸ்னு ஒரு கட்டற்ற டிடிபி சாஃப்ட்வேர்ல தான் சேவ் பண்றேன், அந்த ஃபைலு வெறும் எக்ஸ்எம்எல், அதாவது சாதா எழுத்து தான், நோட்பேட்ல தெறந்தாகூட பேரு படிக்கலாம். கலர் வேலைக்கு கொஞ்சம் மல்லு கட்டணும், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

ராணிப்பேட்டை: எல்லாரும் கோட் பாக்கலாம்னா திருடனும் பாப்பானே?

பாப்பான். 2024ல எக்ஸ்இஸட்னு ஃபைல சுருக்கற ஒரு சின்ன டூல்ல, கூட இருந்து ஒத்தாசை பண்ற மாதிரியே சேந்து ஒருத்தன் திருட்டு வழி வெச்சுட்டான். லாகின் ஆக அரை செகண்ட் லேட்டாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு இன்ஜினியர் தோண்டிப் பாத்து புடிச்சாரு. தெறந்து இருந்ததால தோண்ட முடிஞ்சது, ஆனா அவரு கண்ணுல படலன்னா நெலம மோசம் தான். தொறந்திருக்குன்னா யாரோ பாத்துகினு இருக்காங்கன்னு நெனச்சிடாதீங்க.

அணைக்கட்டு தங்கச்சி: எனக்கு கோடிங் வராதுணா, நான் இன்னா செய்யறது?

தமிழ் வருதில்ல? எம்எஸ் ஆபிஸுக்கு பதிலா இருக்கற லிப்ரெஆபிஸ் மாதிரி கட்டற்ற சாஃப்ட்வேர் மெனுவ தமிழ்ல போடறதெல்லாம் ஆளுங்க உக்காந்து செய்யற வேலை தான். "ஃபைல்"னு விடலாமா "கோப்பு"ன்னு போடலாமான்னு ஒரு வார்த்தைக்கு ஒரு மணி நேரம் சண்ட போடுவாங்க, ஜாலியா இருக்கும். மொதல்ல லேப்டாப்ப ஞாயித்துக்கெழம கடைக்கு எடுத்துகினு வாம்மா, விண்டோஸ அழிக்காம பக்கத்துலயே லினக்ஸ போட்டுத் தரேன். போட்டோவெல்லாம் பேக்கப் எடுத்துட்டு வா, அப்புறம் என்ன திட்டக் கூடாது.