மைசூர் மகாராஜா கார் என்கிறார்கள், அட்வான்ஸ் கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் நண்பரே. காவேரிப்பட்டணத்துத் தோப்பில் நிற்கும் ரோல்ஸ் ராய்ஸ், மைசூர் மகாராஜாவுடையது; ஆதாரமாக 1936-ஆம் ஆண்டின் 'தர்மபுரி மாவட்ட' முத்திரை போட்ட பதிவுத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் உதைக்கிறது. தர்மபுரி தனி மாவட்டமானதே 1965-இல்தான். அதுவரை இந்தப் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. காவேரிப்பட்டணம் இப்போது இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் அதிலிருந்து பிரிந்தது 2004-இல். நானும் தர்மபுரிக்காரன், சிரிப்பு வந்துவிட்டது.

தாள் போலி என்றாலும் கார் நிஜமாக இருக்கலாம். மூக்கில் நிற்கும் இறக்கைப் பெண் சிலையை நம்ப வேண்டாம், அதை எந்த வண்டியிலும் மாட்டலாம். சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்தான் முக்கியம். இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பில் ஒரு தகடு இருக்கும். அதில் உள்ள எண்ணும் அடிச்சட்டத்தில் அடித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி சேசிஸும் இன்ஜினும் மட்டும்தான் விற்றது. பாடியை பார்க்கர், ஹூப்பர் மாதிரி வேறு பட்டறைகள் கட்டின. ஹைதராபாத் நிஜாமின் 1912 சில்வர் கோஸ்ட் ரக ரோல்ஸ் ராய்ஸும் பார்க்கர் கட்டியதுதான், இப்போது சௌமஹல்லா அரண்மனையில் நிற்கிறது. அதனால் பாடி பட்டறையின் தகடும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

எண் கிடைத்ததும் இங்கிலாந்தில் உள்ள ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கத்துக்கு எழுதுங்கள். பழைய சேசிஸ் அட்டைகள் அவர்களிடம் இருக்கின்றன. முதலில் வாங்கியவர் பெயர் அதில் வரும்.

அப்புறம், 50 வருடம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு 2021-இலிருந்து உண்டு, கட்டணம் 20,000 ரூபாய். விற்பவர் தகட்டைப் போட்டோ எடுக்க விடவில்லை என்றால், பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.